சைரன் போடும்போது கை நின்றுவிடுகிறது: எங்கள் பைலட் அண்ணனுக்காகக் கேட்கிறேன்

பனிக்காடு | செவ்வாய், இரவு 11:20

வணக்கம். ஒன்பது வருடமாக நீலகிரியில் ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக, அதாவது பின்னால் இருந்து நோயாளியைக் கவனிக்கும் அவசர மருத்துவ டெக்னீஷியனாக இருக்கிறேன். பெண். கோத்தகிரிப் பக்கம். இத்தனை நாள் இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்ததோடு சரி. இன்று எழுதுவது எனக்காக இல்லை, எங்கள் வண்டியின் பைலட் அண்ணனுக்காக. வேறு துறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஆம்புலன்ஸ் ஓட்டுநரை நாங்கள் பைலட் என்றுதான் சொல்வோம்.

அண்ணனுக்கு 47 வயது. ஐந்து வருடமாக அவரும் நானும் ஒரே வண்டி. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் கேன் வைத்திருப்பார். கேஸை ஆஸ்பத்திரியில் இறக்கி, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, ஃபார்ம் எழுதி முடித்ததும் அந்தக் கேனை எடுப்பார். "கையை நீட்டுமா" என்பார். நான் நீட்டுவேன், அவர் ஊற்றுவார். கை, முகம், கடைசியில் கால். அப்புறம் நான் அவருக்கு ஊற்றுவேன். ஆஸ்பத்திரியில் குழாய் இருக்கிறது, வண்டியில் சானிடைசர் இருக்கிறது, கையுறை போட்டுத்தான் வேலையே செய்கிறோம். ஆனாலும் சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் கால் கழுவாமல் வாசல்படி ஏறுவதில்லை அல்லவா, அந்தக் கணக்கு. ஜனவரி உறைபனிக் காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தத் தண்ணீர் காலில் பட்டால் எலும்பு வரை ஏறும். பிறகு ஒரு டீ, ஒரு வர்க்கி. கேஸைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாலும் உண்டு, பேசாவிட்டாலும் உண்டு. இவ்வளவுதான் எங்களுக்கு இருந்த மருந்து.

ஆறு வாரம் முன்பு நல்ல மழை. ஒரு லயன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) பின்னால் இருந்த தடுப்புச் சுவர் சரிந்து, ஆறு வயதுப் பையன் சிக்கிக்கொண்டான். ஊர் பெயர் வேண்டாம். வெளியே பெரிய காயம் எதுவும் இல்லை. வயிறு மட்டும் இறுகிக் கிடந்தது, நாடி பிடிக்க முடியாத வேகத்தில் ஓடியது, உதடு வெளுத்திருந்தது. முதலுதவி முடித்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பையன் பேசிக்கொண்டேதான் வந்தான். அரவேணு தாண்டியதும், "அங்கிள், சைரன் போட மாட்டீங்களா?" என்று கேட்டான்.

அது பலாப்பழ சீசன். குஞ்சப்பனைப் பக்கம் இருட்டில் யானை ரோட்டிலேயே நிற்கும். சைரன் அலற ஒரு வளைவில் திரும்பி அதன் முன்னால் போய் நின்றால் கதை முடிந்தது. அதனால் அந்தத் தூரத்துக்கு விளக்கை மட்டும் போட்டு ஓட்டுவோம். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "கீழே போனதும் போடுறேன் தங்கம்" என்றார்.

கீழே போய்ச் சேர்ந்தபோது நான் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையம் நெருங்கியதும் அண்ணன் சைரன் போட்டார்.

அன்றிலிருந்து அவர் கேனை எடுப்பதில்லை. கேஸ் முடிந்தால் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறார். சைரன் போடும் நேரம் வந்தால் கை ஸ்விட்ச் வரை போய் நின்றுவிடுகிறது. மற்றவர்களின் நைட் ட்யூட்டியையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது. எனக்கும் இரண்டு வாரம் அந்தப் பையன் கனவில் வந்தான், மெல்லக் குறைந்தது. அவருக்குக் குறையவில்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது.

கேஸ் முடிந்ததும் இருபது நிமிடம் வண்டியை நிறுத்திவைக்க அனுமதி கேட்டேன். அடுத்த அழைப்பு காத்திருக்கும்போது எப்படி என்றார்கள். அழைப்பு காத்திருப்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவரிடம் நான் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? "என்னண்ணா?" என்றால், "ஒண்ணுமில்லமா" என்று முடித்துவிடுகிறார்.

வளைவு எண் 9 | செவ்வாய், இரவு 11:52

சகோதரி, நான் குன்னூர் பக்கம் ஓட்டுகிறேன். கை நின்றுவிடுகிறது என்ற வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

2023 செப்டம்பர் 30 ராத்திரி தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பேருந்து குன்னூருக்குப் பக்கத்தில் மரப்பாலம் என்ற இடத்தில் பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். குன்னூரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன் என்று சொன்னாலே எல்லோரும் என்னிடம் கேட்பது அதைப் பற்றித்தான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அது இல்லை. பேப்பரில் நாலு வரிகூட வராத ஒரு வேன். ஊட்டி பார்த்துவிட்டு இறங்கியவர்கள். வாங்கி வைத்திருந்த யூகலிப்டஸ் தைல பாட்டிலெல்லாம் உடைந்து, அந்தச் சரிவு முழுக்கத் தைல வாசனை. உள்ளே இருந்த அம்மாவைத் தூக்கும்போது என் சட்டையெல்லாம் தைலம்.

சளி பிடித்தால் எங்கள் வீட்டில் தைலம்தான். இரண்டு வருடமாக என் மகளுக்கு நான் அதைத் தேய்த்ததில்லை. பாட்டிலை மூடியோடு பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

புது இ.எம்.டி | புதன், காலை 6:05

நான் சேர்ந்து நாலு மாதம். பயிற்சியில் சி.பி.ஆர். எப்படி, ரத்தத்தை எப்படி நிறுத்துவது, பிரசவம் எப்படிப் பார்ப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கேஸ் முடிந்து ரூமுக்குப் போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நான் ஃபோனில் வீடியோ பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன். இது பழகிவிடுமா அக்கா?

குந்தா மழை | புதன், காலை 8:40

பழகும் தம்பி. பதினாறு வருடம் ஓட்டியவன் சொல்கிறேன். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் கீழே இறங்கினால் 43 கொண்டை ஊசி. ஒவ்வொன்றிலும் ஒரு கேஸ் ஞாபகம் வைத்துக்கொண்டால் வண்டி நகராது. இறக்கிவிட்டாயா, கதவைச் சாத்து, அங்கேயே விட்டுவிடு. நான் வீட்டில் ஒரு கேஸைப் பற்றிக்கூடச் சொன்னதில்லை. கிளறக் கிளறத்தான் புண் பெரிதாகும். பனிக்காடு, அண்ணனை அவர் போக்கில் விடுங்கள். ஆண்பிள்ளை, தானாகவே தேறிவிடுவார்.

பழைய ஓட்டுநர் | புதன், மதியம் 1:15

எனக்கு 66 வயது. தமிழ்நாட்டில் 108 வந்தது 2008இல். அதற்கும் முன்னாலிருந்து நான் ஒரு தனியார் வண்டி ஓட்டினேன். அப்போது பின்னால் டெக்னீஷியன் எல்லாம் கிடையாது. சொந்தக்காரர்கள் மடியில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நான் ஓட்டுவேன்.

2009 நவம்பரில் பெய்த மழை இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கேத்தி, அச்சனக்கல் பக்கமெல்லாம் மண் சரிந்து, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ரோடு பல இடத்தில் அறுந்துபோனது. வண்டி போகிற வரை போய் நிறுத்திவிட்டு, மிச்சத் தூரம் நடந்து, கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த வாரம் முழுக்க நான் அழவில்லை, சாப்பிட்டேன், தூங்கினேன். இரண்டு மாதம் கழித்து, வெயில் காய்ந்த ஒரு நாளில் வாசலில் ஈர மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனவன்தான். அதற்கப்புறம் மூன்று வருடம் டாஸ்மாக்கில்தான் தூக்கத்தை வாங்கினேன். குடித்தால் தூக்கம் வரும், உண்மைதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அது எழுப்பிவிட்டுவிடும். அப்போது மண்ணும் கூடவே எழுந்து வரும். லைசென்ஸ் போய்விடும் என்கிற நிலைமை வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

குந்தாத் தம்பி சொல்வது எனக்குப் புரிகிறது, அந்த வயதில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பனிக்காடு கேட்டதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில் இருக்கிறது.

மகளே, பின்னால் இருக்கிற உனக்குக் கையில் வேலை இருக்கிறது. ஆக்ஸிஜன் வைக்கிறாய், நாடி பார்க்கிறாய், அழுத்துகிறாய். முடிந்ததையெல்லாம் செய்தோம் என்று உன் கைக்காவது தெரியும். முன்னால் இருப்பவனுக்குக் காது மட்டும்தான். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க முடியாது. ஒரு குழந்தை பேசுவது கேட்கும், அப்புறம் பேச்சு நிற்பது கேட்கும். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததை மனசு தானாகவே இட்டு நிரப்பும், அதுவும் எப்போதும் மோசமானதைக் கொண்டுதான் நிரப்பும். என் வண்டியில் போனவர்களில் பாதிப் பேர் பிழைத்தார்களா இல்லையா என்றே எனக்கு இன்று வரை தெரியாது.

நீ அவரிடம் எதுவும் கேட்காதே. பின்னால் நடந்ததை நீ அவருக்குச் சொல்.

மலை மருத்துவன் | புதன், இரவு 9:30

நான் மனநல மருத்துவர். இந்த மலையில்தான் வேலை. பெரியவர் சொன்னதை நான் வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அது அப்படியே சரி. இரண்டு மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

கெட்ட கனவு, திடுக்கிடல், அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, இதெல்லாம் முதல் சில வாரங்களில் யாருக்கும் வரலாம். அது நோய் இல்லை, பெரும்பாலானோருக்குத் தானாகவே தணியும். பனிக்காட்டுக்குத் தணிந்தது அப்படித்தான். ஒரு மாதத்துக்கு மேலும் தணியாமல், ஒரு குறிப்பிட்ட சத்தத்தையோ வாசனையையோ இடத்தையோ கண்டு ஒதுங்குவது, தூக்கம் போவது, எப்போதும் உடம்பு விறைப்பாக இருப்பது, எதிலும் ஒட்டாமல் விலகுவது எல்லாம் சேர்ந்து வாழ்க்கையைத் தடுத்தால், அதை நாங்கள் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கிறோம். மருத்துவ வகைப்பாட்டில் இந்தப் பெயர் 1980இல்தான் இடம்பிடித்தது. அண்ணனை நேரில் பார்க்காமல் அவருக்கு அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு வாரம் ஆகிவிட்டது, சைரன் அவருடைய தொழில் கருவி. காத்திருக்க வேண்டாம். வளைவு எண் 9, உங்களுக்கும் இதையேதான் சொல்வேன். தைலத்தைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். ஞாபகத்துக்குப் போகும் மிகக் குறுகிய வழிகளில் வாசனையும் ஒன்று.

குந்தா மழை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1983இல் அமெரிக்காவில் மிட்செல் என்பவர் ஒரு முறையை எழுதினார். அவரே முன்பு தீயணைப்பிலும் ஆம்புலன்ஸிலும் இருந்தவர். கோரமான சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவைப்பது. உலகமெங்கும் பரவியது. பிறகு ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட தொகுப்பு, பாதிக்கப்பட்ட ஆட்களைத் தனித்தனியாக ஒரே ஒரு முறை உட்காரவைத்துப் பேசவைப்பது பி.டி.எஸ்.டி. வராமல் தடுக்கவில்லை, சிலருக்கு இன்னும் மோசமாகக்கூடச் செய்திருக்கலாம் என்றது. அதனால் கட்டாயப்படுத்திப் பேசவைப்பது தப்பு. குந்தா அஞ்சும் கிளறல் அதுதான்.

ஆனால் கட்டாயப்படுத்தாமல் இருப்பது வேறு, கைவிட்டுவிடுவது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேட்டில் சொல்வது பார், கேள், இணைத்துவிடு என்ற மூன்றுதான். ஆள் பத்திரமாக இருக்கிறாரா என்று பார். சொன்னால் கேள், சொல்லாவிட்டால் பக்கத்தில் இரு. தேவையான உதவியோடு இணைத்துவிடு. தண்ணீர் ஊற்றிவிட்டு, டீ வாங்கிக்கொடுத்து, பேசினாலும் பேசாவிட்டாலும் பக்கத்தில் நிற்கிறீர்களே, அது இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. அதை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. பயந்து ஒதுங்கும் விஷயத்தைப் பாதுகாப்பான இடத்தில் சிறிது சிறிதாக நெருங்கவைக்கும் முறை, கண்ணசைவோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர்., தேவைப்பட்டால் மாத்திரை. மருந்துக்கடையில் தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். ராத்திரி முடியாமல் போனால் 14416. டெலிமானஸ், அரசின் மனநல உதவித் தொலைபேசி. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ஓவேலி | வியாழன், காலை 7:10

கூடலூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் யானை அடித்து ஆள் இறந்தால் ஊரே ரோட்டில் உட்காரும். அவர்கள் கோபம் நியாயமானது. தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை, யாரிடம் போய்க் கேட்பார்கள்? ஆனால் அந்தக் கோபம் முதலில் வந்து மோதுவது வனத்துறை ஜீப் மேலும் எங்கள் வண்டி மேலும்தான். ஏன் இவ்வளவு லேட் என்று சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். காட்டு ரோட்டில் வண்டி அதற்கு மேல் வேகமாக வர முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். எனக்கு ரத்தம் பழகிவிட்டது. செத்தவரின் மகன், என்னைவிடச் சின்னப் பையன், என் முகத்துக்கு நேராக "நீ சீக்கிரம் வந்திருந்தா" என்று பாதியில் நிறுத்தினானே, அந்தப் பாதி வாக்கியம் பழகவே இல்லை. அதை நான் தினமும் வெவ்வேறு விதமாக முடித்துப் பார்க்கிறேன்.

பனிக்காடு, உங்கள் அண்ணனுக்கும் பயம் இல்லை, குற்ற உணர்ச்சிதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

இரவு எட்டு காலை எட்டு | வியாழன், காலை 11:45

நான் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் மனைவி. குந்தா மழை அண்ணா, வீட்டில் சொன்னதே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மரியாதையோடுதான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் வீட்டுக்குத் தெரியும். செருப்பை எப்படிக் கழற்றுகிறார் என்பதிலேயே எனக்குத் தெரியும். அன்றைக்குப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வேன். டி.வி.யை நிறுத்துவேன். காரணம் தெரியாததால் பிள்ளைகள், அப்பாவுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மூத்தவள் அதை ஒருநாள் கேட்டே விட்டாள்.

அப்புறம் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கேஸ் விவரம் வேண்டாம். "இன்னைக்கு நல்லா இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தால் போதும். வெந்நீர் போட்டு வைப்பேன், குளிப்பார், தூங்குவார். இந்த மூன்று வார்த்தைக்கு அப்புறம் பிள்ளைகள் தாங்களாகவே கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

ஹட்டிக்காரன் | வியாழன், மாலை 6:20

நான் ஆம்புலன்ஸில் இல்லை, பள்ளி ஆசிரியர், படகர். எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், சாவு விழுந்தால் ஒரு சடங்கு உண்டு. பெரியவர் ஒருவர் பாடை பக்கத்தில் நின்று, இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். கூட்டம் சேர்ந்து குரல் கொடுக்கும். அதோடு அந்தப் பாரம் அவரைவிட்டு இறங்கிவிட்டது என்று நம்பிக்கை. ஒரு மனிதன் செய்ததும் செய்யாமல் விட்டதும் ஊர் முன்னால் சத்தமாகச் சொல்லப்படுகிறது, அதற்கப்புறம் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

உங்கள் வண்டியில் இறப்பவர்களுக்கு அவரவர் ஊரில் சடங்கு நடக்கிறது. கடைசி அரை மணி நேரம் கூட இருந்த உங்களுக்கு எதுவும் நடப்பதில்லை. அந்தத் தண்ணீர் கேனைப் பற்றிப் படித்தபோது எனக்கு இது தோன்றியது.

2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தபோது குடத்தில் தண்ணீரையும் வீட்டில் இருந்த கம்பளியையும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் ஊர்ச் சனங்கள். அவர்களுக்கும் இரவுகள் இருந்திருக்கும். அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பனிக்காடு | ஞாயிறு, இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன்.

நேற்று நைட் ட்யூட்டியில் மூன்று மணி நேரம் அழைப்பே இல்லை. நல்ல மூட்டம், பத்தடி தெரியவில்லை. பழைய ஓட்டுநர் ஐயா சொன்னபடி நான் எதுவும் கேட்கவில்லை. "அண்ணா, அன்னைக்குப் பின்னாடி என்ன நடந்ததுன்னு நான் உங்ககிட்டச் சொன்னதே இல்ல, சொல்லட்டுமா?" என்றேன். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் ஆரம்பித்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். நீங்கள் கீழே போனதும் போடுறேன் என்றதும் அவன் அம்மா பக்கம் திரும்பி, "கீழ போனதும் போடுவாராம்" என்றான். அப்புறம் வளைவை எண்ண ஆரம்பித்தான். நாலு எண்ணினான். ஐந்தாவதில் தூக்கம் வருது என்றான். எங்கேயும் வலிக்கிறது என்று அழவில்லை. அம்மா கையைப் பிடித்திருந்தான். கோயம்புத்தூரில் டாக்டர் என்னிடம் ஈரல் கிழிந்திருந்தது என்றார். சைரன் போட்டிருந்தாலும் அந்த ரோட்டில் உங்களால் அதைவிட வேகமாக இறங்கியிருக்க முடியாது.

அண்ணன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் போடலன்னு அழுதுக்கிட்டே போனான்னு நெனச்சிட்டிருந்தேன்மா" என்றார்.

ஆறு வாரமாக அவர் அதைத்தான் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அது தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் அங்கேதானே இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓவேலி அண்ணா, நீங்கள் சொன்னது சரி.

மலை மருத்துவன் | ஞாயிறு, இரவு 10:40

நல்ல காரியம் செய்தீர்கள். இனி ஒன்று. இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். மனசு ஒரு பாரத்தை இறக்கியிருக்கிறது, ஆனால் உடம்பு சைரனுக்கு நடுங்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அது தனிக் கணக்கு. அவரை ஓ.பி.க்கு அழைத்து வாருங்கள், முடிந்தால் அவர் மனைவியோடு.

குந்தா மழை | திங்கள், காலை 5:50

நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். முழுக்க இல்லை. எல்லோரையும் உட்காரவைத்துக் கட்டாயமாகப் பேசச் சொல்வதை நான் இன்னும் ஏற்க மாட்டேன், டாக்டரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். ஆனால் கேஸ் முடிந்து என் டெக்னீஷியன் ஏதாவது சொல்ல வந்தால், "விடுப்பா" என்று நான்தான் வாயை மூடவைத்திருக்கிறேன். எத்தனை பேருக்கு அப்படிச் செய்தேன் என்று ராத்திரி எண்ணிக்கொண்டிருந்தேன். சகோதரி எழுதிய செருப்பு விஷயத்தையும் படித்தேன். என் மகன் கல்லூரியில் இருக்கிறான், அவனிடம் கேட்க வேண்டும்.

பனிக்காடு | ஐந்து வாரம் கழித்து, சனி, மதியம் 2:30

கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

அண்ணன் ஓ.பி.க்குப் போனார். முதல் முறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார், தெரிந்தவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று. இரண்டாவது முறை அண்ணி கூடப் போனார். வாரம் ஒருமுறை போகிறார். நைட் ட்யூட்டி கேட்டு வாங்குவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

சைரன் விஷயம். ட்யூட்டி ஏறியதும் காலையில் வண்டியைச் சரிபார்ப்போம். டயர், டீசல், ஆக்ஸிஜன் அளவு, சக்ஷன், விளக்கு, சைரன். சைரனைப் போட்டுப் பார்ப்பது பைலட் வேலை. இத்தனை நாள் அவர் அதை என்னிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார், நானும் கவனிக்கவில்லை. அங்கிருந்தே ஆரம்பிக்கச் சொன்னார்கள். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, பகலில், இரண்டு வினாடி. முதல் நாள் போட்டுவிட்டு இறங்கி நின்றுகொண்டார், முகமெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில். நான் பக்கத்தில் நின்றேன். மறுநாளும் இரண்டு வினாடி. இப்போது முழுதாகப் போட்டுப் பார்க்கிறார். ரோட்டில் இன்னும் சில நேரம் கை நிற்கிறது, ஆனால் நின்றுவிட்டுப் போகிறது.

குஞ்சப்பனை வளைவுகளில் அவர் வாய் அசைவதைப் பார்த்தேன். எண்ணுகிறார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

இருபது நிமிடம் இன்னும் கிடைக்கவில்லை. எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன், கூட நாலு வண்டிக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் எங்களுக்குள் ஒன்று வைத்துக்கொண்டோம். எந்தக் கேஸாக இருந்தாலும், இறக்கிவிட்டு வந்ததும் பின்னால் என்ன நடந்தது என்று நான் அவருக்கு நாலு வரியில் சொல்லிவிடுவேன். பிழைத்தவர்களைப் பற்றியும்தான். போன வாரம் வண்டியிலேயே ஒரு பிரசவம், பெண் குழந்தை, 2.8 கிலோ. அதை மட்டும் மூன்று முறை சொல்லவைத்தார்.

மருத்துவர் ஐயா கேட்டிருந்தீர்கள், தண்ணீர் ஊற்றுவதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று. அண்ணனிடம் கேட்டேன். அவர் அப்பா ஒரு எஸ்டேட்டில் லாரி ஓட்டினாராம். யாருக்காவது அடிபட்டால் அந்த லாரியில்தான் ஏற்றுவார்களாம். திரும்பி வந்ததும் அவர் அம்மா வாசலில் சொம்போடு நிற்பாராம்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து கேனை எடுக்கிறார்.

வளைவு எண் 9 | சனி, மாலை 4:15

நானும் 14416க்குப் பேசினேன் சகோதரி. அடுத்த வாரம் நேரில் போகிறேன். தைலப் பாட்டில் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

புது இ.எம்.டி | சனி, மாலை 4:40

அக்கா, கேன் எத்தனை லிட்டர்? எங்கள் வண்டியிலும் வைக்கலாம் என்று பைலட் அண்ணனிடம் சொன்னேன், சரி என்றார்.

பனிக்காடு | சனி, மாலை 5:02

5 லிட்டர் போதும். கைப்பிடியில் கயிறு போட்டு சீட்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வளைவில் உருண்டு பிரேக்குக்குக் கீழே போய்விடும். சோப்பு தனி டப்பாவில்.